வண்டி இனி மேடு ஏறும்

அன்புள்ள அக்கா,

வீட்டுக்கு அனுப்பினால் அத்தான் பிரித்துவிடுவார் என்றுதான் நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன். கை வீக்கம் வடிந்ததா? நீ சொன்னபடி கதவில் இடித்துக்கொண்டதாகவே இருக்கட்டும்.

போன தடவை உன்னைக் கூட்டிவர நான் கிளம்பியும், மேட்டுப் பாதையில் வண்டி கொதித்து நின்றுபோனது. நீ வாசலில் காத்திருந்துவிட்டு உள்ளே போயிருக்கிறாய். மெக்கானிக், "இஞ்சின் போச்சும்மா, வித்துடுங்க" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

நானே பானெட்டைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் குறையவில்லை, ஃபேனும் சுற்றியது. ஆனால் இஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டருக்குப் போகிற குழாய் மட்டும் சூடே ஏறாமல் இருந்தது. சுடுதண்ணீர் இஞ்சினை விட்டு வெளியே வரவே இல்லை! வழியை அடைத்திருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தேன். சூடு பட்டதும் திறக்க வேண்டியது, வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தது. உன்னை மாதிரியே அழுத்தம்! புதிது வாங்கி மாட்டிவிட்டேன்.

நேற்று பின்சீட் நிறையச் செங்கல் ஏற்றி அதே மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. அம்மா, "பைத்தியமாடி உனக்கு?" என்று திட்டிவிட்டு, உன் அறையைப் பெருக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போது கேட் பக்கத்தில் நிற்பேன். உன் பாப்பாவும் அங்கேதானே படிக்கிறாள்? இரண்டு பேரும் வழக்கம்போல வெளியே நடந்து வாருங்கள். மாற்றுத்துணி எடுத்து வைத்தாயிற்று. அத்தானிடம் பிறகு நான் பேசிக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி