ஐம்பதோடு நின்ற கட்டங்கள்

வீட்டு எஜமானிக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்தாதே. நான் சுகம்.

குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களின் வயதை அட்டவணையில் ஏற்றுவதுதான் இந்தச் சிறைத்துறை அலுவலகத்தில் என் வேலை. குமாஸ்தா ஐம்பது வயதோடு கட்டங்களை நிறுத்தியிருந்தார். அறுபத்தெட்டு வயதுக்காரனை எங்கே எழுதுவது என்று கேட்டேன்.

"அந்த வயசுல எத்தனை பேர் சார் இருக்கப்போறாங்க? ஓரமா எழுதுங்க."

ஓரமே நிறைந்துவிட்டது. மொத்தப் பட்டியலில் பத்தொன்பதும் உண்டு, முப்பத்தாறும் உண்டு, எழுபத்தொன்றும் உண்டு. எனக்கு ரத்தம் கொதித்தது. "கடைசி பெஞ்சை விட்டுட்டு அட்டெண்டன்ஸ் எடுப்பீங்களாய்யா?" என்று கத்திவிட்டேன். குமாஸ்தா புதுத் தாளில் கோடு போட்டார்.

நீயும் அதே தப்பைத்தான் செய்கிறாய். பேத்தி மாடிவீட்டுக்காரரிடம் தனியாகக் கணக்குப் படிக்கிறாளாம். 'தாத்தா வயசு, பயமில்லை' என்று எழுதுகிறாய். அவர்மேல் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நரையைப் பார்த்து நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கலாமா? நம் கூடத்தில், நீ இருக்கும்போது படிக்கட்டும். அவள் படிக்கமாட்டேன் என்றால் அதட்டாமல் காரணம் கேள்.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. சுற்றும் காகிதத்திலும் ஏதாவது எழுதியனுப்பு.

இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது, ஓடவேண்டும். நான் வந்து பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதே விதிதான். எனக்கும் அறுபத்துநான்கு.

உன்னவன்