காக்கிச் சட்டைக்காரர் காட்டிய வழி

செப்டம்பர் 1

என் மகள், வருங்கால ஆராய்ச்சியாளருக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. "படிக்கிற பிள்ளையை நச்சரிக்காதீங்க" என்று உன் அம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். போனைத்தானே பிடுங்கினாள், பேனாவை இல்லையே!

உன் துறையில் புது மாணவர்களுக்கு நடந்த அறிமுக நாளை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். டூட்டி முடிந்த கையோடு, மாற்றுச் சட்டைகூடப் போடாமல் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேனா, ஹால் வாசலில் ஒரே நெரிசல். உள்ளே பாதி நாற்காலி காலி. இவர்களோ கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எஞ்சினியரிங் முடித்துவிட்டு மேல்படிப்புக்கு வந்தவர்களுக்கு நகர்ந்து உட்காரத் தெரியவில்லை. படிக்கட்டில் கூட்டம் நின்றால் இந்தக் கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா? "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல காலியாத்தானே இருக்கு!" என்று ஒரு சத்தம். ரெண்டே நிமிஷம், ஹால் நிரம்பிவிட்டது. ஒரு புரொபசர்கூட பயந்துபோய் உள்ளே நகர்ந்தார். நல்லவேளை, சில்லறை எடுத்து நீட்டவில்லை.

அப்புறம் பிள்ளைகள் என்னை விடவில்லை. "அண்ணே, ஹாஸ்டல் சாவி எங்க தராங்க?" "அங்கிள், சேஃப்டி கிளாஸ் எந்த பில்டிங்?" எல்லாருக்கும் கை காட்டி அனுப்பிவைத்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் உன் துறையில் ஒரு நாள் ஓசியில் வேலை பார்த்தேன் என்று நம் டிரைவர் அண்ணனிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

நீ மட்டும் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாயே, கழுத்து வலியா? தைலம் அனுப்பவா?

உன் அப்பா


செப்டம்பர் 5

அப்பாவுக்கு,

கழுத்து வலி இல்லை. அவமானம்.

போனில் பேசினால் கத்திவிடுவேன், இல்லை அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சேஃப்டி கிளாஸ் நடந்தது எங்கள் துறைக்குப் பின்னால் இருக்கிற ஒர்க்‌ஷாப்பில். நீங்கள் அனுப்பியது சிவில் துறைக்கு. ஒன்பது பேர் அங்கே பூட்டின கதவு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அந்த வகுப்பில் உட்காராதவர்களை லேபுக்குள் விடமாட்டார்கள். மறுபடி வகுப்பு ஜனவரியில்தான். லேபுக்குள் போக முடியாதவரை எந்த கைடும் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

"காக்கிச் சட்டை போட்ட ஸ்டாஃப் ஒருத்தர்தான் வழி சொன்னாரு" என்று ஒன்பது பேரும் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எங்கள் துறையில் காக்கி போடுகிறவர் வாட்ச்மேன் ஒருவர்தான். அவருக்கு மெமோ கொடுக்கப் போகிறார்களாம்.

வகுப்பு எடுத்த மேடத்திடம்தான் நான் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று இங்கே வந்தேன். 21ஆம் தேதி நேர்காணல். அவர் ஐந்து நிமிஷம் தாமதமானாலே கதவைச் சாத்துகிறவர். நீங்கள் யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாட்ச்மேன் தினமும் எனக்குக் காலை வணக்கம் சொல்கிறார், அப்பா.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

மகள்


செப்டம்பர் 9

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மா சத்தமாகப் படித்தாள். படித்து முடித்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதிலேயே மெமோ இருந்தது.

காக்கியை மாட்டிக்கொண்டு ‘தெரியாது’ என்று சொல்லிப் பழக்கமே இல்லையம்மா. சொன்னால் "அப்புறம் எதுக்குய்யா சம்பளம்?" என்பான் பாசஞ்சர். நாலைந்து பேர் அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன். அதுவாகத்தான் இருக்கும் என்று கையை நீட்டிவிட்டேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு தோரணை வேண்டுமே!

விஷயத்துக்கு வருகிறேன். 18ஆம் தேதி லீவு போட்டிருக்கிறேன். நேரே உங்கள் மேடம் முன்னால் போய் நிற்பேன். "அம்மா, அந்த ஆள் நான்தான், வாட்ச்மேனை விட்டுடுங்க" என்பேன். உன் பெயரே வாயில் வராது. யாரோ ஒரு பெண்ணின் பெட்டியை இறக்கிவைக்க வந்த கண்டக்டர், அவ்வளவுதான். உனக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுகிறேன். நீ என்னைப் பார்த்தால் பார்க்காத மாதிரி போய்விடு.

"போனா இருக்கிறதையும் கெடுத்துட்டுத்தான் வருவே" என்கிறார் டிரைவர் அண்ணன். கெட்டாலும் பரவாயில்லை, வருகிறேன்.

உன் அப்பா


செப்டம்பர் 13

அன்புள்ள அப்பா,

வராதீர்கள். லீவை ரத்து செய்யுங்கள்.

‘சம்பந்தமே இல்லை’ என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நேராக மேடம் ரூமுக்குப் போனேன்.

"மேடம், அன்னைக்கு வழி சொன்னது வாட்ச்மேன் இல்ல. எங்க அப்பா. பஸ் கண்டக்டர்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஹாலை ரெண்டு நிமிஷத்துல நிரப்பினாரே, அவரா? எனக்கு வருஷா வருஷம் தொண்டை வத்திப் போகுது" என்று சிரித்தார். நானும் சிரிக்கப் போனேன். "நான் சிரிச்சா விஷயம் முடிஞ்சுதுன்னு அர்த்தமா? ஒன்பது பேருக்கு லேப் இல்லையே" என்றார்.

வகுப்பை இன்னொரு தடவை எடுக்க முடியுமா என்று கேட்டேன். "சனிக்கிழமை காலைல வரேன். ஒன்பது பேரும் இருக்கணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் கிளம்பிடுவேன்" என்றார். ஆபீஸுக்குத் தானே போன் போட்டு மெமோவை நிறுத்தினார்.

ஹாஸ்டல் ஹாஸ்டலாக அலைந்தேன், அப்பா. வழி சொன்னது கண்டக்டரான என் அப்பா என்று சொன்னதும் ஒருவன் "ரைட், ரைட்!" என்று விசில் அடித்தான். "வண்டி கிளம்புது, ஏறுறியா இல்லையா?" என்றேன். அவன்தான் சனிக்கிழமை முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். ஒன்பது பேருக்கும் லேப் கிடைத்துவிட்டது. வாட்ச்மேனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்கப்பா குரலு எனக்கு இருந்தா நான் ஏன் வாட்ச்மேனா இருக்கேன்" என்றார்.

நேர்காணலைப் பற்றி மேடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாரோடும் வரிசையில்தான் உட்காரப் போகிறேன்.

அன்றைக்கும் வராதீர்கள் அப்பா. அவமானத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உங்களையே தேடிக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகள்


செப்டம்பர் 17

என் மகளுக்கு,

உன் கடிதத்தை டிப்போவில் படித்துக்காட்டினேன். பாதியில் டிரைவர் அண்ணன் கையில் கொடுத்து மீதியைப் படிக்கச் சொன்னேன். எழுத்து பொடியாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். யாரும் நம்பவில்லை.

ஒரு விஷயம். நேற்று டைம் கீப்பர் கேட்டார்: "21ஆம் தேதி உன் பொண்ணு ஊர் டிரிப்புக்கு ஆள் இல்ல. போறியா? உனக்குத்தான் முதல்ல கேக்குறேன்." என்னைக் கேட்காமலே என் கை மேலே போய்விட்டது. வாசலுக்கு வராமல் பஸ் ஸ்டாண்டிலேயே இருந்துவிடலாம், அது வந்ததாக ஆகாது என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. டிரைவர் அண்ணன்கூட "சும்மா ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம் வாய்யா" என்றார்.

கையை இறக்கிவிட்டேன். கடினமாகத்தான் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. என்னை நான் நம்புகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். வேறு டிரிப் எழுதச் சொன்னேன். நீ அந்த அறைக்குள் போகிற நேரத்தில் என் வண்டி உனக்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கும். நானே கேட்டு வாங்கிய டூட்டி.

உன் அப்பா