அம்மாவுக்குப் போன கசெற்

என் அண்ணைக்கு,

நீங்கள் இல்லாத இடத்திலும் உங்களுக்குப் பயந்து பயந்து எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறாளே என்று கோபிப்பீர்கள். கோபியுங்கள். அதற்கும் மேலே கோபிக்க ஒன்று இருக்கிறது.

முதலில் வீட்டில் நடக்கிற புதினம். துளசி உங்கள் பழைய பதிவுகளையெல்லாம் சேர்த்து ஓர் இசைத்தட்டு போடுகிறாள். உங்கள் மகள்தானே, ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். இங்கே ஹோர்சன்ஸ் ஊரில் ஆறு பேரோடு திரும்பத் தொடங்கிய குழுவிலிருந்து, பிறகு பன்னிரண்டு பேராகி டென்மார்க் முழுக்கச் சுற்றிய குழு வரைக்கும் எல்லாம் வரப்போகிறது. கூடவே ஒரு சின்னப் புத்தகம். அதில் உங்கள் கதையை டேனிஷில் எழுதியிருக்கிறாள்.

நல்லாகத்தான் எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெற் பழகிய யாழ்ப்பாணத்துப் பெடியன், அகதியாய் வந்து, பகலில் இறைச்சித் தொழிற்சாலையில் நின்று, பின்னேரங்களில் ஜாஸ் எழுதிய கதை. பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்ததால் நீங்கள் அலுமாரியைத் திறந்து, குளிர்க்கோட்டுகளுக்குள் ட்ரம்பெற்றை நுழைத்து ஊதியதையும் எழுதியிருக்கிறாள். இஷொய் ஊரில் நடந்த கலியாண வீட்டையும் விடவில்லை. சினிமாப் பாட்டு வாசிக்கக் கூப்பிட்டவர்களுக்கு, தாலி கட்டுகிற நேரம் பார்த்து உங்கள் சொந்த உருப்படியை எடுத்துவிட்டீர்களே! கலியாணப் பொம்பிளையின் தாய் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறா.

சிரித்துக்கொண்டே படித்துவந்தேன். நாலாம் பக்கத்தில் ஒரு வரி: "முதற்குழுவின் முதற்பதிவு பியானோக்காரரின் கையில் தொலைந்துபோனது."

"இது சரிதானே, மாமி?" என்று துளசி டேனிஷில் கேட்டாள். "அப்பா பேப்பர்ப் பேட்டியிலும் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்."

"ஓம், அப்பிடித்தான் சொல்லுவார்" என்றேன். பாருங்கள், இந்த வயதிலும் எவ்வளவு கெட்டித்தனமாகப் பதில் சொல்ல வருகிறது எனக்கு.

பியானோக்காரர் பென்ட். உங்களுக்கு இங்கே கிடைத்த முதல் கூட்டாளி. பாடசாலையில் இசை படிப்பித்தவர், அந்த இசை அறைப் பூட்டின் திறப்பு அவரிடம் இருந்ததால்தான் உங்களுக்குப் பதிவு செய்ய ஓர் இடமே கிடைத்தது. ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு கசெற்றில், நாலு உருப்படிகளை ஒரே மூச்சில் பதிந்துகொண்டு வந்தீர்கள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. மேலே பெயர் எழுதவில்லை. கேட்டு முடித்துத்தான் பெயர் வைப்பேன் என்றீர்கள். யாரும் அதற்கு மேல் பதியாமலிருக்க, கசெற்றின் முதுகில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் துண்டை முறித்தீர்கள். சமையலறை யன்னலடியில் வைத்துவிட்டு, அந்த அலுப்பிலேயே படுத்தீர்கள்.

மறுநாள் ஞாயிறு. கொழும்புக்குப் போகிற ஒருவர் பின்னேரம் புறப்படுகிறார், அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். அந்த நாளில் நாங்கள் எல்லோரும் கடிதத்தைக் கசெற்றில் பேசித்தானே அனுப்பினோம்? எங்கள் குரலைக் கேட்டால்தான் அம்மாமாருக்கு நெஞ்சாறும். கடைகள் எல்லாம் பூட்டு. நீங்கள் வேலைக்குப் போய்விட்டீர்கள். யன்னலடியில் பெயரில்லாத ஒரு கசெற்.

முறித்த துண்டைக் கண்டேன், அண்ணை. காணவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்மவர்களில் யார் அதைப் பொருட்படுத்தினது? முறித்து விற்கிற பாட்டுக் கசெற்றின் ஓட்டையில் கடதாசியை மடித்து வைத்து, ஒட்டி, அதற்கு மேலேயே அம்மாவோடு கதைத்த ஆட்கள் நாங்கள். நானும் ஒட்டினேன். நீலக் கரை போட்ட கடதாசி, இன்றைக்கும் ஞாபகம். ஒரு கணம் போட்டுப் பார்த்தேன், ட்ரம்பெற் கேட்டது. ஒத்திகையாக்கும் என்று நினைத்தேன். அப்படி எத்தனை கசெற் வீட்டில் கிடந்தது. முதலிலிருந்து அதற்கு மேலேயே பேசத் தொடங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை நீங்கள் வீட்டைத் தலைகீழாக்கினீர்கள்.

"எங்க வச்சனான்? சின்னி, நீ கண்டனியே?"

"இல்லை அண்ணை."

"அண்டைய அலுப்பில ஒண்டும் ஞாபகமில்லை. அப்ப பென்ட்டிட்டைத்தான் விட்டிட்டு வந்திருக்கிறன் போல."

உங்கள் வாயாலேயே ஒரு வழி வந்தது, நான் அதற்குள் புகுந்துவிட்டேன். அப்போது பயம்தான். நீங்கள் கூப்பிட்டுத்தான் இந்த நாட்டுக்கு வந்தேன், உங்கள் வீட்டில் இருந்து உங்கள் சோற்றைத் தின்றேன், உங்களுக்கு ஒரு சொல் எதிர்த்துப் பேசியறியேன். பிறகு பயம் போய்விட்டது. வெட்கம் வந்து அந்த இடத்தில் குந்தியது. வெட்கம் பயத்தைப் போலில்லை, அண்ணை, அது எழும்பிப் போகவே போகாது.

அன்றைக்கே உங்கள் கையில் தந்துவிட்டதாக பென்ட் சொன்னார். நீங்கள் அவரைப் பொய்யன் என்றீர்கள். குழு உடைந்தது. வைலே ஊருக்கு மாறிப்போன அந்த மனிசனோடு நீங்கள் பிறகு பேசவேயில்லை. வேறு பியானோக்காரர்கள் வந்தார்கள், பெரிய மேடைகள் வந்தன, நல்ல பதிவுகளும் வந்தன. ஆனால் ஒவ்வொன்றையும் கேட்டு முடித்துவிட்டு, "அண்டைக்கு வாசிச்ச மாதிரி இல்லை" என்று தலையை ஆட்டுவீர்கள். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பிப்போவேன்.

உங்கள் சாம்பலைக் கரைக்கத் துளசி ஊருக்குப் போய் வந்தாள். சின்னம்மா ஒரு பிஸ்கற் ரின்னைக் கொடுத்துவிட்டிருக்கிறா. அம்மா கடைசிவரை வைத்திருந்த கசெற்றுகள். போன ஞாயிறு என் சமையலறை மேசையில் துளசி அதைக் கொட்டினாள். நீலக் கரைக் கடதாசி ஒட்டிய ஒன்று உருண்டு வந்து என் கையில் முட்டியது.

"அது பழுது, விடு" என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டாம் முறையும் மறைத்தேன். அவள் போன பிறகு போட்டுக் கேட்டேன்.

இருபத்திரண்டு நிமிடம் நான் கதைக்கிறேன். பனி, காலுறை, கோழிக்கறிக்குத் தூள் முடிந்த கதை. அதற்கிடையில் சொல்கிறேன்: "அண்ணை வேலை முடிஞ்சு வந்து சும்மா எதையோ ஊதித் திரியிறார். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, அம்மா." உங்கள் வாசிப்பை அழித்துக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு 'டக்'. பிறகு நீங்கள். நடுவிலிருந்து வருகிறீர்கள், பின்னால் பென்ட்டின் பியானோ. எட்டு நிமிடம்தான் மிச்சம். அந்தக் குழுவுக்கு அவ்வளவுதான் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கசெற் போய்ச் சேர்ந்த பிறகு அம்மா எனக்கு எழுதினா: "உன்ர கதை முடிஞ்ச பிறகு ஆரோ ஊதுகினம் பிள்ளை. ரெண்டு மூண்டு தரம் போட்டுக் கேட்டனான். ஆர் அது, அண்ணையே?" நான் அந்தக் கடிதத்தைக் கிழித்தேன். பதிலும் எழுதவில்லை. "அம்மா ஒருநாளும் என்ர சொந்த உருப்படியைக் கேக்கேல்லை" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொன்னீர்களே. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. கேட்டா, அண்ணை. நீங்கள்தானோ என்று தெரியாமலே கேட்டா. இதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

உங்கள் செத்தவீட்டில் பென்ட் கடைசி வரிசையில் நின்றார். போகும்போது என் கையைப் பிடித்து, "நான் அவனிடம் கொடுத்தேன், உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நான் கேள்வி விளங்காதவள் போல நின்றேன்.

நேற்றுத் துளசியிடம் சொன்னேன். கத்தவில்லை. மடிக்கணினியில் அந்த வரியை அழித்துவிட்டு, என் பக்கம் திருப்பி வைத்து, என்னோடு வழக்கமாகப் பேசாத தமிழில் சொன்னாள்: "நீங்கள் எழுதுங்கோ, மாமி." எழுதினேன். "முதற்பதிவை அழித்தது குழுத்தலைவரின் தங்கை." டேனிஷில் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். தமிழில் உங்களுக்குத்தான் ஒவ்வொரு வரியையும் வெட்டி வெட்டி எழுதுகிறேன்.

இன்று காலை பென்ட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "அவன் செத்துப்போய்விட்டானே" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. கடைசியில், வியாழக்கிழமை கசெற்றைக் கொண்டுவா என்றார்.

"வாசிப்பு வாற இடத்திலிருந்து போடுறன்" என்று டேனிஷில் சொன்னேன்.

"வேண்டாம். தொடக்கத்திலிருந்து கேட்க வேண்டும். நீ என்ன பேசினாய் என்று எனக்குச் சொல்."

ஆகவே, அண்ணை, வியாழக்கிழமை வைலேக்கு ரயில் ஏறுகிறேன். இருபத்திரண்டு நிமிடமும் அந்தக் கிழவருக்கு முன்னால் இருந்து என் குரலை மொழிபெயர்ப்பேன். பனியையும் காலுறையையும் சொல்வேன். "சும்மா எதையோ ஊதித் திரியிறார்" என்கிற இடம் வரும்போது அதையும் ஒரு சொல் குறைக்காமல் சொல்வேன். பிறகு வாயை மூடிக்கொண்டு உங்களைக் கேட்பேன். இது சத்தியம்.

உங்களுக்கு மேலே பேசிய தங்கச்சி,
சின்னி