கிளை பிரியும் இடம்

தம்பிக்கு,

என் போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே.

நேற்று தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு இறுகியது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையில் என் இதயக் குழாயைக் காட்டினார். அது இரண்டு கிளையாகப் பிரியும் இடத்தில் கோணம் ரொம்ப அகலமாக விரிந்திருந்தது.

"இந்த மாதிரி எடத்துல ரத்தம் வேகம் கொறைஞ்சு சுழலும். கொழுப்பு சுலபமாப் படிஞ்சு அடைச்சுடும்," என்றார்.

"நான் எண்ணெயையே தொடறதில்லையே டாக்டர்!"

"சாப்பாடு மட்டும் காரணம் இல்லம்மா. குழாயோட அமைப்பும் ஒரு காரணம், அது பொறப்புலயே வர்றது. கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கும் இப்படி இருக்கலாம்."

அப்போதுதான் எனக்கு உன் நினைப்பு வந்தது. அப்பா உன் வயதில்தான் சாப்பாட்டுத் தட்டின் மேல் சாய்ந்தார். மாடி ஏறினால் நீ நெஞ்சைத் தடவிக்கொள்கிறாய் என்று உன் மனைவி சொன்னாள்.

நாளை எனக்கு அடைப்பை விரித்து ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழல் வைக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. பாதி பயம் உனக்காக.

வீட்டுப் பங்கு விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. இதைப் படித்த கையோடு போய் ஸ்கேன் எடு. பிறகு வந்து எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு. சண்டை போட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன் அக்கா