கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும்

செப்டம்பர் 4

பாப்பாவின் பள்ளிப் பாவாடையில் பிரிப்பதற்கு இனி மடிப்பு இல்லை. கடைசி மடிப்பையும் இன்று பிரித்தாயிற்று. பழைய மடிப்புகள் இருந்த இடமெல்லாம் கோடு கோடாக நிற்கிறது, இஸ்திரிக்கும் மசியவில்லை. போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் முட்டி தெரியுதும்மா" என்றாள். "கொஞ்சம் குனிஞ்சு நட" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரித்தேனா, ஞாபகம் இல்லை.

இந்த டைரி அவள் அப்பா ஓட்டிய லாரி கம்பெனியில் கொடுத்தது. அவர் இறந்துபோன வருடத்து டைரி. கிழமை பொருந்தாது. கிழமையை அடித்துவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 6

வாசலிலேயே நிறுத்தினாராம் விளையாட்டு சார். முழங்கால் தெரியும் பிள்ளைகளெல்லாம் ஒரு பக்கம். "பரீட்சைக்குள்ள புதுசு போட்டுட்டு வரணும், இல்லன்னா பரீட்சை ஹாலுக்குள்ள விட மாட்டேன்னு சொல்லிட்டாரும்மா." ஏதோ நாளைக்கு மழை வரும் என்பது மாதிரி சொன்னாள். அப்புறம் பல் தேய்க்கும்போது மறுபடியும் சொன்னாள்.

அந்தத் துணி வெளிக்கடையில் கிடைக்காது. பள்ளியில்தான் வாங்க வேண்டும், அதுவும் முழு செட்டாக. பெரிய பள்ளி. எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இவளுக்கும் ஒன்று கிடைத்தது. படிப்பு இலவசம். படிப்பை உடுத்திக்கொண்டு போக முடியாதே.

செப்டம்பர் 8

பாடத்தில் ஒரு கவிதை. ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறையைப் பற்றி. பாப்பா அடுப்புப் பக்கம் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். ஒரு பையனின் சட்டையில் ஊரார் வீட்டுத் துணியெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறதாம். கூரை ஒழுகும் இடத்தில் வைத்த டப்பாதான் அந்தப் பள்ளிக்கு மணியாம். ஓட்டை வழியே பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு விரற்கடை வானம் கிடைக்கிறதாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"அம்மா, படிமம்னா என்ன தெரியுமா?"

"என்னது?"

"ஒண்ணச் சொல்லி இன்னொண்ணக் காட்டுறது. மிஸ் எழுதிப் போட்டாங்க. கிழிஞ்ச சட்டை, ஏழ்மையின் படிமம். கூரை ஓட்டை, நம்பிக்கையின் படிமம்."

ஓட்டை நம்பிக்கையா? மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த மிஸ்ஸை நம் வீட்டுக்குக் கூட்டி வா என்றேன். "போம்மா, மார்க் போயிடும்" என்றாள்.

செப்டம்பர் 11

நான் வேலை பார்க்கும் தையல் கடைக்கு மிஸ்ஸே வந்தார். சின்ன வயது, மெல்லிய குரல், எல்லாரிடமும் "தயவுசெஞ்சு" போட்டுத்தான் பேசுகிறார். விழாவுக்கு அந்தக் கவிதையை நாடகமாகப் போடுகிறார்களாம். நடிக்கும் பிள்ளைகளின் வீட்டில் புது யூனிஃபார்ம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் கிழித்து, ஒட்டுப் போட்டு, கறை ஏற்றித் தர வேண்டும்.

எங்கள் மாஸ்டர், சாப்பிடும்போதுகூடக் கழுத்திலிருந்து டேப்பை எடுக்காத மனிதர், அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பழசு ஏதாவது கிடைக்காதா மேடம்?"

"பழசு நல்லா இருக்காதுங்க. மேடையில வெளிறிப்போய்த் தெரியும். கிழிசல் கடைசி வரிசைக்குத் தெரியணும்."

அவர் போன பிறகு மாஸ்டர் என்னைப் பார்த்து, "இத்தனை வருஷமா கிழிசல் தெரியாம தைக்கச் சொல்லி உன் உயிரை வாங்கினேன். இப்ப தெரியணுமாம். நல்லா வந்துச்சு போ" என்றார். எல்லாரும் சிரித்தோம். இந்தத் தடவை நானும்தான்.

நான் யாருடைய அம்மா என்று மிஸ்ஸுக்குத் தெரியும். புறப்படும்போது, "உங்க பொண்ணு ரொம்ப நல்லாப் படிக்கிறா" என்றார். எதற்கோ வருத்தம் சொல்வது மாதிரி இருந்தது.

செப்டம்பர் 12

கிழித்தேன்.

புதுத்துணி லேசில் கிழியாது. கையால் இழுத்தால் நேராகப் போகும், பார்த்தால் வெட்டியது போலிருக்கும். பிளேடால் கீறி, கடை வாசற்படியின் கல்லில் உரச வேண்டும். இழை பிரிந்து நிற்கும்போதுதான் கிழிசல் கிழிசலாகத் தெரியும். அப்புறம் டீத்தண்ணீரில் முக்கிப் பிழிந்து காயப் போட்டேன். வேலை சுத்தமாக வந்தது. மாஸ்டர் பாராட்டினார்.

கடைசி செட் ஒரு பெண் பிள்ளையுடையது. விரித்ததுமே தெரிந்தது. பாப்பாவின் தோள், பாப்பாவின் கை நீளம். பாவாடையில் நான்கு விரல் அகலத்துக்கு மடிப்பு, இரண்டு வருடம் ஓடும். சுற்றிப் பார்த்தேன். சட்டையின் கையில் தையலை மட்டும் பிரித்துத் தொங்கவிட்டு, பாவாடையைத் தொடாமல் அடுக்கில் சொருகினேன்.

மாஸ்டர் கண்ணுக்குத் தப்புமா? "இது என்ன, தையல் விட்டதைக் கிழிசல்னு ஏமாத்துறியா? கடைசி வரிசைக்கு எப்படித் தெரியும்?" என்று பிளேடை நீட்டினார். கோபமாகக்கூட இல்லை. வாங்கினேன். முழங்கையில் ஒன்று, பாவாடையில் ஒன்று. நானே போட்டேன். எப்படியும் அது அவளுடையது இல்லையே.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கை மட்டும் டீ வாசனை அடிக்கிறது.

செப்டம்பர் 13

துணி காய்ந்தது. கொடுத்தாயிற்று.

செப்டம்பர் 17

பாப்பாவுக்கும் நாடகத்தில் இடம் உண்டாம். திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வரி எடுத்துக் கொடுக்க வேண்டும். கவிதை முழுக்க மனப்பாடமாகத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

"மேடையில நிக்க வேணாமா உனக்கு?"

"மிஸ் யோசிச்சாங்கம்மா. அப்புறம், 'உனக்கு அது வேணாம்மா, கஷ்டமா இருக்கும்'னாங்க. எனக்கென்ன கஷ்டம்? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

நல்ல மனசு அந்த மிஸ்ஸுக்கு. உண்மையாகவே சொல்கிறேன். அந்த நல்ல மனசை என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 20

விழா. ஏதாவது அவிழ்ந்தால் தைக்க ஆள் வேண்டும் என்று மாஸ்டர் என்னையும் அனுப்பிவைத்தார். ஊசியும் நூலுமாகத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

ஒரு குண்டுப் பையன் வந்து முதுகைக் காட்டினான். "ஆன்ட்டி, எனக்கு இன்னும் கொஞ்சம் கிழிச்சு விடுங்களேன். அவனுக்கு மட்டும் நிறையக் கிழிஞ்சிருக்கு." இருக்கிறதே போதும் கண்ணா என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

நான் பாப்பா அளவு என்று நினைத்த செட்டை இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் போட்டிருந்தாள். நல்ல பிள்ளை. பாப்பாவுக்குப் பக்கத்து இடமாம். ஒட்டுத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "யாரு இவ்ளோ சூப்பரா பண்ணினது?" என்றாள். பாப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாக் கிழிசலும் எங்கம்மாதான் போட்டாங்க" என்றாள். எனக்குப் பூமிக்குள் போகலாம் போல இருந்தது. அவளுக்கோ அவ்வளவு பெருமை.

மேடையில் அந்தப் பெண்ணுக்கே வரி மறந்தது. பாப்பா எடுத்துக் கொடுத்தாள். அவள் திரும்பவும் திணறினாள். பாப்பா இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். யார் குரல் என்று தெரிந்திருக்காது. கைதட்டல் நிற்கவே இல்லை. முன் வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

பாப்பா இருட்டில் பாவாடையைக் கீழே இழுத்து இழுத்து விட்டபடி நின்றாள். பழைய பாவாடை.

செப்டம்பர் 21

காலையில் எழுந்தேன், வேலைக்குப் போனேன், வந்தேன்.

செப்டம்பர் 30

பாப்பா ஒரு பையோடு வந்தாள். மிஸ் கொடுத்தனுப்பினாராம். இனி யாருக்கும் உபயோகமில்லாத துணி, வீட்டில் எல்லாரும் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள், உங்கம்மாவுக்குத்தான் தைக்கத் தெரியுமே என்றாராம். பரீட்சைக்குப் புதுசு இல்லாவிட்டால் வெளியே நிற்க வேண்டியதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பையைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அதே செட்.

நான்கு விரல் மடிப்பு அப்படியே இருக்கிறது. ஒட்டைப் பிரித்தேன். அடியில் நான் கீறின கீறல், நான் கல்லில் உரசின உரசல். அய்யோ, இத நானேதானே கிழிச்சேன். சும்மா தொங்கவிட்டதோட விட்டிருக்கக் கூடாதா? மாஸ்டர் என்ன தலையையா எடுத்துடுவாரு? ரெண்டு திட்டு திட்டியிருப்பாரு, அவ்ளோதானே. எம் பொண்ணு துணியில எங்கையாலயே பிளேடு போட்டேனே. அவர் போன அன்னிக்குக்கூட நான் இப்படி அழல. ஒரு சட்டைக்குப் போயி உட்கார்ந்து அழுதேன்.

பாப்பா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அக்டோபர் 1

"பக்கத்துல உக்கார்றாளே, அவ கண்டுபிடிச்சிடுவாம்மா."

"தெரியாம தைக்கிறேன்."

"முடியுமா?"

"அதானே என் பொழைப்பு."

"முடியலன்னா நான் இதப் போட மாட்டேன். பழசையே போட்டுட்டு வெளிய நின்னுக்கறேன்." கெஞ்சவில்லை, அடம்பிடிக்கவில்லை. முடிவெடுத்துவிட்டுச் சொன்னாள். அப்படியே அவள் அப்பா.

அக்டோபர் 3

உள்தையலின் ஓரத்திலிருந்து இழை உருவி, அதே துணியின் இழையாலேயே கோத்துக்கொண்டிருக்கிறேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. வெளி நூல் போட்டால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். பாவாடை முடிந்தது. டீக்கறை நான்கு தடவை ஊறவைத்த பிறகுதான் போனது, காலருக்கு அடியில் துளி இருக்கிறது. அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். எந்தத் துணி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என் மற்ற வேலையை எல்லாம் எடுத்துத் தன் மிஷின் பக்கம் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 6

போட்டுக்கொண்டு போனாள். வாசலில் விளையாட்டு சார் ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த இரட்டைப் பின்னல்காரி பக்கத்திலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள்.

"'புதுசா?'ன்னு கேட்டாம்மா. ஆமான்னுட்டேன். பொய்யா அது?"

இல்லை என்றேன்.

அக்டோபர் 14

தமிழ்ப் பரீட்சை. பாப்பா ஹாலுக்குள் உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தாள். அந்தக் கவிதையிலிருந்துதான் பெரிய கேள்வியாம்.

"கிழிஞ்ச சட்டைக்கு என்ன எழுதின?"

"மிஸ் சொன்னதுதான். ஏழ்மையின் படிமம். முழு மார்க் வரும்."

சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். வலது முழங்கையைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கே இடம் தெரியவில்லை, விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். அவள் தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்திருந்தது.

"எழுதும்போது பூரா அங்க உறுத்திக்கிட்டே இருந்துச்சும்மா."

தைத்த இடம் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கும், துவைக்கத் துவைக்கச் சரியாகிவிடும் என்று சொன்னேன்.