அந்த ஞாயிறு வண்டி ஷெட்டில்தான் நின்றது

பாய்,

கோவளம் போயிருந்த நம் கேரவன் இன்று காலை திரும்பி வந்தது. கதவைத் திறந்ததும் உப்புக்காற்றில் ஊறிய மெத்தை வாடையும் யாரோ வறுத்த மீனின் வாடையும் சேர்ந்து அடித்தன. கட்டிலுக்கு அடியில் மணல். துடைப்பத்தை எடுத்து நானே கூட்டினேன். கூட்டுவதற்கு ஆள் இருக்கிறது. ஆனாலும் இந்த வண்டியை மட்டும் நான் யாரிடமும் விடுவதில்லை.

எடுத்துப் போயிருந்தது கொரட்டூரில் ஃப்ளாட்டில் இருக்கும் ஒரு பெண். ஐ.டி. வேலை, தெற்கத்திப் பேச்சு. சாவியைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"அங்கிள், எங்கம்மாவுக்கு ரெண்டு முட்டியும் மடங்காது. பாத்ரூமுக்குப் பயந்தே எங்கயும் வர மாட்டாங்க. நேத்து சாயங்காலம் பூரா கடலைப் பாத்து உக்காந்திருந்தாங்க. அந்த டாய்லெட்டை யாரு அங்கிள் இவ்வளவு யோசிச்சு செஞ்சது?"

"நம்ம ஆளுங்கதாம்மா" என்றேன்.

உன்னைப் பத்துப் பேரோடு சேர்த்துக் கரைத்துவிட்டேன். 'ஒரே ஒருத்தர், இப்போது இல்லை' என்று சொல்லியிருந்தால் அவள் மேலே ஏதாவது கேட்டிருப்பாள். அதற்குப் பயந்தேன்.

நான் பழைய வண்டி வாங்கி விற்று மேலே வந்தவன். நீ சென்னீர்குப்பத்தில் லாரிக்கும் வேனுக்கும் பாடி கட்டியவன். அம்பத்தூர்க் கம்பெனி ஒன்று கழித்துப் போட்ட வேனை நான் வாங்கியது, உடைத்து உதிரியாக விற்கத்தான். நீதான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய்.

"சனி ஞாயிறு ஆனா போதும் நைனா, சவுக்குத் தோப்புல டென்ட் போட்டுக்கினு படுத்துக்கினு கீறானுங்க. வயசுப் பசங்களுக்கு அது ஓகே. பொம்பளைங்க, வயசானதுங்க ஒரு அவசரம்னா எங்க போவாங்க? இத்த ஊடாக்கிடலாம்."

இன்று ஊர் முழுக்க 'கேம்பிங்' என்று விளம்பரம் போடுகிறேனே, அது என் மூளை இல்லை. உன்னுடையது.

இரண்டு கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பத்து நாளில் முடித்தாய். கழிப்பறைக்கு மட்டும் அளவு எடுத்துக்கொண்டே இருந்தாய். உட்காருவாய், எழுந்திருப்பாய், பென்சிலால் கோடு போடுவாய், அழிப்பாய். பிடித்து எழக் கம்பி வைத்தாய். அது ஒரு விரல் தள்ளிப் போனதென்று பிடுங்கி மறுபடி வைத்தாய்.

"இன்னா பாய், கக்கூசா கட்ற, தாஜ்மகாலா?"

"அவன் பொண்டாட்டி செத்தப்பறம் கட்னான் நைனா. நான் எம் பொண்டாட்டி உயிரோட கீறப்பவே கட்டிர்றேன்."

அன்றுதான் சொன்னாய். உன் வீட்டம்மாவுக்கு முட்டி மடங்காது, சர்க்கரையும் உண்டு. வெளியூர்க் கல்யாணம் என்றால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். அப்புறம் கல்யாணத்துக்கே போவதை நிறுத்திவிட்டாள். புதுப்பெண்ணாக இருந்தபோது ஒரு முறை மெரினாவைப் பார்த்ததோடு சரி. உன் வீடு இருக்கும் பூந்தமல்லியிலிருந்து கடல் எவ்வளவு தூரம், சொல்! நீ எடுத்த அளவு எல்லாம் அவளுடைய முட்டிக்கு.

வேலை முடிந்த அன்று நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். நீ பிஸ்மில்லா சொல்லி ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே கேட்டாய்: "மொத சவாரி ஊட்டம்மாவ இட்னு போய்ட்டு வந்துரட்டா?"

"போணி ஆவட்டும் பாய். ஓசில மொத சவாரி போனா யாவாரம் விளங்காது."

"அதுவும் சரிதான்" என்றாய்.

அது யாவாரிகள் எல்லோரும் பார்க்கிற சாத்திரம். நானும் நம்பித்தான் சொன்னேன். அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. அந்த வாரமே போணி ஆகிவிட்டது. அதற்கப்புறம் நானாக உன்னைக் கூப்பிட்டு, 'இந்தா சாவி' என்று கொடுத்திருக்க வேண்டும். 'முதியோருக்கு வசதியான கழிப்பறை' என்று போர்டில் எழுதி வைத்தேன். சாவி கொடுக்கவில்லை. நீ திங்கள்கிழமைகளில் வந்து, ஆடிப்போன கீலை முடுக்கிவிட்டுப் போவாய். நீயாகவும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மட்டும் போன் செய்தாய். "நைனா, நாளைக்கு வண்டி சும்மாதானே கீது? காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துருவோம்."

"புக் ஆயிடிச்சே பாய்" என்றேன். வாய் கூசவில்லை.

புக் ஆகவில்லை. எவனோ ஒருவன் 'வந்தாலும் வருவேன்' என்று சொல்லியிருந்தான். அந்த 'வந்தாலும்'தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இன்னொன்றும் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். உனக்கு ஒரு முறை கொடுத்தால் அப்புறம் உன் மச்சான், என் மாமன் என்று எல்லோரும் ஓசிக்கு வந்து நிற்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அவன் வரவில்லை. ஞாயிறு பதினோரு மணிக்கு நான் ஷெட்டில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ டிரில்லிங் மெஷின் எடுக்க வந்தாய். வண்டி நின்றது. நீ வண்டியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"கடைசி நேரத்துல கேன்சல் பண்ட்டான் பாய்" என்றேன்.

அப்போதாவது 'இப்பவே எடுத்துக்கினு போ' என்று சொல்லியிருக்கலாம். பகல் முழுக்க இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நீ குனிந்து பின் டயரை அழுத்திப் பார்த்தாய். "காத்து கம்மியா கீது. நாளைக்குப் புடிச்சிரு" என்றாய். மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாய்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பள்ளிவாசல் வரை நானும் தோள் கொடுத்தேன்.

உன் வீட்டம்மா நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருந்து முடித்த பிறகு போய்ப் பார்த்தேன். "தங்கச்சி, வண்டிய வாசலுக்கே கொண்டாரேன். கடலுக்குப் போய்ட்டு வரலாம்" என்றேன்.

"அவரு இல்லாம எதுக்குண்ணே" என்றாள். பிறகு லேசாகச் சிரித்தாள். "ஒரு ஞாயித்துக்கெழம கெளம்பிடலாம்னு பாத்தாரு. வண்டி புக் ஆயிடிச்சின்னு நீங்க சொன்னத எங்கிட்ட சொல்ல மனசு வரல போலக் கீது. நான் புதுசு உடுத்திக்கினு குந்திக்கினு கீறேன், இவரு மிஷினோட வராரு. 'வண்டி இப்பதான் கெளம்பிப் போச்சு, என் கண்ணால பாத்தேன். பெரிய பார்ட்டி. நைனா யாவாரம் ஓஹோன்னு கீது'ன்னாரு. அத்தக் கேட்டதும் எனக்கு மனசு ஆறிடிச்சுண்ணே."

கையில் இருந்த டீயைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நின்ற வண்டியைப் போனது என்று சொல்லியிருக்கிறாய். என் மானத்தைக் காப்பாற்றவா, அவள் மனம் நோகக் கூடாது என்றா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இரண்டு முறை உன் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். என் பொய் உடைவதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அது உடைந்தால் நீ 'கண்ணால் பார்த்தேன்' என்றதும் உடையும். நீ சொன்னதைச் சந்தேகப்படாமல் வாழ்ந்தவள் அவள். அதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை?

அதனால் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை.

போன மாதம் வழியில் பார்த்தபோது, "அஞ்சு வேளைத் தொழுகையிலயும் ஒங்க யாவாரத்துக்கும் சேத்து துஆ கேக்கறேண்ணே. அவரு அத்தினி சந்தோசமா சொன்னாரே" என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வரும் மூன்று வாரங்களுக்கும் வண்டி புக் ஆகிவிட்டது, பாய். அவள் கேட்கிறாள், எனக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் உடம்பு கூசுகிறது.