தீனி போட்டுப் பார்த்த மீன்

ஜூன் 14, ஞாயிறு

வீட்டுக் கப்பி மீன்களோடு சண்டை போடாத ஏஞ்சல் மீன் ஒன்று வாங்க, அம்மாவோடு சென்னை பாடியில் இருக்கும் வண்ணமீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் காட்டிய பெரிய, அழகான மீனைப் பார்த்து அம்மா, “கொஞ்சம் தீனி போடுப்பா” என்றாள். போட்டதும் அது மற்றவற்றைத் துரத்திக் கொத்தியது. ஓரமாக நின்று, தன் பக்கம் வந்ததை மட்டும் தின்ற சின்ன மீனைக் கைகாட்டினாள்.

கடைக்காரர் சிரித்தார். “இன்னாக்கா, மீன் வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?”

“ரெண்டுக்கும் இதான்பா. சாப்புடறப்பதான் கொணம் தெரியும்” என்றாள் அம்மா.

நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னோடு வேலை பார்க்கும் மார்ட்டினை எனக்குப் பிடித்திருப்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சமோசாவைப் பிட்டால் பெரிய பாதியை என் பக்கம் தள்ளுகிறவன்.

அடுத்த ஞாயிறு அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறேன். வேறெதுவும் சொல்லப் போவதில்லை. அம்மா பார்த்துக்கொள்வாள்.